கால்வாய்க்கு இந்தப் பக்கத்து ஆடுகள்

மனிதரை மனிதரிடமிருந்து பிரிப்பது எது என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கையில், மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. கால்வாய்தான். அதற்கு இந்தப் பக்கம் ஒன்றாம் டிவிஷன், 'சுத்த ரத்தம்'. அந்தப் பக்கம் இரண்டாம் டிவிஷன். அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதில்லை.

இந்த மகத்தான உண்மையைக் காத்துவந்தவர் ஒன்றாம் டிவிஷன் ஆடு வளர்ப்போர் சங்கத் தலைவர் சுகுமாரன். அவர் மகள் அன்பரசி ரவாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மரபணு பார்க்கிறவள். அந்தப் பக்கத்துக் குமரவேலைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை. வீட்டில் அதைச் சொல்லும் தைரியம் வருவதற்குள் குமரவேலுக்கு முன்வழுக்கை ஏறிவிட்டது.

சுகுமாரன் கோபப்படவில்லை. அவர் விஞ்ஞானத்தை மதிப்பவர். வாட்சாப்பில் வரும் எல்லாவற்றையும் மதிப்பவர்.

"ரத்தம் வேற வேறயா இல்லையான்னு நீயே பார்த்துச் சொல்லும்மா. ஒன்னா இருந்தா நானே தட்டு மாத்துறேன்."

"ஆளுங்ககிட்ட சாம்பிள் எடுக்கணும்ப்பா."

"மனுசன் போலீஸ் ரிப்போட் போடுவான் லா. ஆட்டுல பாரு. காலங்காலமா அந்தந்தப் பக்கம் மேயுற ஆடு. ஆடு வேறன்னா ஆளும் வேற."

இந்தத் தர்க்கத்தைச் சங்கம் ஒருமனதாகத் தீர்மானமாக்கியது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத அன்பரசி ஆட்டு முடி பிடுங்கக் கிளம்பினாள். அந்தக் கரையில் ஆடுகளைப் பிடித்துக்கொடுத்த குமரவேல் விஞ்ஞானத்துக்காக விலாவில் முட்டு வாங்கினான்.

ஒரே ஒரு மார்க்கர், அதாவது ஒரே ஒரு மரபணு அடையாளம், போதாது, அது சில சமயம் ஏமாற்றும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். உண்மை ஒன்றுதான், அதற்கு ஒரு மார்க்கரே அதிகம் என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

முடிவு வந்தது. ஆய்வுப் படத்தில் ஒவ்வோர் ஆட்டுக்கும் தாய் கொடுத்த கோடு ஒன்று, தந்தை கொடுத்தது ஒன்று; இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ஒரே கோடாகத் தெரியும். இரண்டாம் டிவிஷன் ஆடுகளுக்கு இரண்டு கோடு. ஒன்றாம் டிவிஷன் ஆடுகளுக்கு ஒரே கோடு.

"ஒரே கோடு," என்றார் சுகுமாரன், கண் கலங்க. "சுத்தம்னா இதான்."

சங்கத்தின் பேனரில் ஒற்றைக் கோடு சின்னமாக ஏறியது. பொருளாளர் இராமையா நெற்றியிலிருந்த மூன்று பட்டை விபூதியை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார்.

அன்பரசிக்குத்தான் சோறு இறங்கவில்லை. அத்தனை ஆட்டுக்கும் ஒரே கோடு என்பது இயற்கை செய்கிற வேலையல்ல. மற்ற மார்க்கர்களையும் போட்டுப் பார்த்தாள். இரு கரை ஆடுகளும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஒன்றாம் டிவிஷன் தாய் ஆடுகள் கொடுத்த கோடு அந்த முதல் மார்க்கரின் பிடியில் சிக்கவே இல்லை. சிக்காமல் போனதைத்தான் எல்லாரும் 'சுத்தம்' என்று கொண்டாடியிருந்தார்கள். இரு பக்கமும் பொதுவாகத் தெரிந்த கோடு தந்தையுடையது.

சங்கக் கூட்டத்தில் அவள் தரையைப் பார்த்தபடியே இதையெல்லாம் விளக்கினாள். கடைசியில்தான் நிமிர்ந்தாள்.

"இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்பன் ஒன்னுதான்ப்பா."

"எந்தக் கிடா அது?" என்று தலைவர் எழுந்தார்.

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் பேனரின் ஓரத்தை மென்றுகொண்டிருந்த கிடாவைப் பார்த்தார்கள்.

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்காகச் சுகுமாரனே முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா. வெட்ட மனம் வராமல் உலவ விட்டிருந்தார். நேர்ந்த கிடாவைக் கட்டக்கூடாது, விரட்டக்கூடாது. போன இடத்தில் அதை ஏனென்று கேட்கக்கூடாது. அது கால்வாய்ப் பாலத்தில் ஏறினால் அவரே மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழிவிடுவார்.

தட்டு மாற்றியாயிற்று. சுகுமாரனின் பெரிய மனதைத் தோட்டமே புகழ்கிறது. புகழத்தான் வேண்டும். ஓர் ஆட்டுக்கிடாவுக்குக் கேள்வியே கேட்காமல் கொடுத்திருந்த உரிமையைப் பெற்ற மகளுக்கும் கொடுக்க, அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் மட்டுமே தேவைப்பட்டது.