ஆப்ஷன் அண்ணாச்சியும் நார்வேயும்

திருவனந்தபுரத்தில் ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. தப்பான விடை சொல்ல ஆப்ஷன் அண்ணாச்சியை விட்டால் ஆள் கிடையாது. இனி ஒருவன் பிறந்து வந்தாலும் அவர் காலில் விழுந்துதான் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கல்யாணப் பத்திரிகையில் அதைப் பார்த்துவிட்டு, யார் இந்த மாப்பிள்ளை என்று நாங்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஆரியசாலையில் ஒரு மலைச்சரக்குக் கடையில் பில் போடுகிற வேலை. அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் கொடியில் ஏலக்காய் வாசனை அடிக்கும். கடைக்குப் பின்சந்தில் ராஜம்மா அக்காவின் மெஸ் இருந்தது. அதன் மாடி அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். பக்கத்துக் கட்டில் வேலப்பனுக்குக் கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடை வேலை. எதிர்க் கட்டில் அண்ணாச்சி.

மற்றவர்கள் பேசுகிற மொழி தமிழோ மலையாளமோ என்றால், அண்ணாச்சி பேசியது நாலு ஆப்ஷன். காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனால் என்ன செய்கிறது என்று அவர் கேட்பார், இவர் "ஏ) தலைவலி, பி) குளிர், சி) உடம்புவலி, டி) வாய்க்கசப்பு" என்று அடுக்கிவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறியதும் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். "ஏ) பேட்டை, பி) பேரூர்க்கடை, சி) நெடுமங்காடு. எங்க போறேன்னு சொல்லும் பாப்போம்" என்றார் அண்ணாச்சி. கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "டி) எறங்கிக்கோ" என்றார். அண்ணாச்சி கோபப்படவில்லை. அந்த ஆளுக்கு நல்ல மூளை என்று ஒரு வாரம் புகழ்ந்துகொண்டு திரிந்தார்.

இந்த வித்தையின் அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராஜம்மா அக்காவின் மெஸ்ஸில். ஞாயிறென்றால் அக்கா பாயசம் வைப்பார். இலை போட்டு, சோறு விழுந்து, ஆளுக்கொரு பப்படம் வைத்தவுடன் அண்ணாச்சி தொண்டையைச் செருமுவார். ஆளுக்கொரு கேள்வி. சரியாகச் சொன்னால் உன் பப்படம் உனக்கு. தப்பாகச் சொன்னால் அதை எடுத்து மரியாதையாக அண்ணாச்சியின் இலையில் வைத்துவிட வேண்டும். கடைசியில் அவர் அத்தனை பப்படத்தையும் பாயசத்தில் நொறுக்கிப் போட்டு, ஒரு பழத்தையும் உரித்துப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். பாயசத்தில் பப்படம் நொறுக்குவது இந்த ஊர் வழக்கம்தான். ஆனால் அது ஊரான் பப்படமாக இருந்தால்தான் ருசி என்பது அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு.

அவர் பெரிய அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வியும் சரியான விடையும் அவர் பேப்பரிலும் பொது அறிவுப் புத்தகத்திலும் பொறுக்கியவை. எல்லோருக்கும் கிடைப்பவை. அவருடைய கைவேலை எல்லாம் மற்ற மூன்றிலும்தான். "சரியான விடைய எவன் வேணும்னாலும் சொல்லிருவான் வே. தப்பான விடைய உமக்குன்னு அளவெடுத்துத் தைக்கணும்" என்பார்.

அளவெடுத்துத்தான் தைத்தார். வேலப்பன் எல்லாவற்றிலும் அவசரக்காரன்; கல்யாண வீட்டில் தாலி கட்டும்போதுகூட முடிச்சுக்கு முன்னால் அட்சதை போட்டுவிடுவான் என்று அக்கா சொல்வார். அவனுக்கான பொறி எப்போதும் ஏ-யில் இருக்கும். அதைக் கேட்ட மாத்திரத்தில் "ஏ" என்று கத்திவிட்டுப் பப்படத்தை இழப்பான். ராஜம்மா அக்காவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் வடசேரி. தக்காளி முதன்முதலில் விளைந்த இடம் எது என்று கேட்டு, தென் அமெரிக்கா, இத்தாலி, சீனா என்று சொல்லிவிட்டு, நாலாவதாக வடசேரிச் சந்தை என்றார் அண்ணாச்சி. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். தப்பு என்று தெரியும். ஆனால் ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "தென் அமெரிக்காவுல வெளஞ்சிருக்கும். ஆனா தக்காளின்னு சொன்னா அது வடசேரிதான், கேட்டியா" என்று பப்படத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு அவர் வைத்த பொறி நார்வே.

அந்த நாட்களில் நான் எந்த நிமிடமும் நார்வேக்குப் போய்விடுவதாக இருந்தேன். ஒரு சித்தப்பா மகன் அங்கே போய்ச் சேர்ந்து, பனி மூடிய வீட்டு வாசலில் நின்று எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பியிருந்தான். அன்றிலிருந்து ஆரியசாலையின் மூட்டை வண்டிகள், ஆடிட்டர், வெயில் எல்லாம் எனக்குத் தற்காலிகம். உலகத்தில் நல்லது எது நடந்தாலும் அது நார்வேயில்தான் நடக்கும் என்று நம்பினேன். பெண்களுக்கு முதலில் ஓட்டுரிமை கொடுத்த நாடு எது? நியூசிலாந்து இருந்தது, நான் நார்வே என்றேன். காகிதத்தை முதலில் செய்த நாடு? சீனா கண்ணெதிரே நின்றது, நான் நார்வே என்றேன். யானைகள் அதிகமுள்ள நாடு எது என்று கேட்டு நார்வேயை வைத்திருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பேன். மாதக்கணக்கில் நான் பப்படம் தின்றதில்லை.

கடைசியில் எனக்கும் புத்தி வந்தது. இனி செத்தாலும் நார்வே சொல்வதில்லை என்று சபதம் செய்தேன். அடுத்த ஞாயிறு அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். நள்ளிரவிலும் சூரியன் தெரியும் நாடு என்று பெயர் பெற்றது எது? ஏ) பிரேசில், பி) எகிப்து, சி) ஜப்பான், டி) நார்வே. நான் அலட்சியமாகச் சிரித்து, ஜப்பான் என்றேன். அண்ணாச்சி தன் இலையை என் பக்கம் நகர்த்தினார். வேலப்பனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, அக்கா வந்து தலையில் தட்டவேண்டியதாயிற்று. என் சபதத்துக்கும் சேர்த்து அளவெடுத்திருந்தார் மனுஷன்.

இப்படிப்பட்டவருக்கும் ஒருநாள் பெண் பார்க்கும் யோகம் வந்தது. இதே ஊரில் ஸ்ரீவராகத்தில் பெண் வீடு. அவர்களுக்கும் பூர்வீகம் திருநெல்வேலி. பெண்ணின் பெயர் ஜெயா, பேங்கில் ஆபீசர். அண்ணாச்சிக்கு அதற்குள் முன்நெற்றி நன்றாக ஏறியிருந்தது; இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் இனி யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்று ஊரிலிருந்து அவருடைய அக்கா போனில் அழுதிருந்தார். அதனால் வேலப்பனும் நானும் துணைக்குப் போனோம். வழியெல்லாம் அவரிடம் சத்தியம் வாங்கினோம், அங்கே வாயைத் திறந்து கேள்வி கேட்கக் கூடாது என்று. சரி சரி என்று தலையாட்டினார்.

பஜ்ஜி வந்தது. பெண் வந்தார். அந்த வீட்டு மாமா, நல்ல மனுஷர், நடக்கப்போவது தெரியாமல், பெண்ணிடம் ஏதாவது கேட்கணும் என்றால் கேட்கலாம் என்றார். நான் பத்மநாபசுவாமியை நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"உலகத்துலயே பெரிய பூ எது? ஏ) தாமரை, பி) ராஃப்ளீசியா, சி) சூரியகாந்தி, டி) வாழைப்பூ."

மாமாவின் கையிலிருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. ஜெயா அண்ணாச்சியை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ராஃப்ளீசியா. ஆனா ஆப்ஷன் சரியாயில்லயே. தாமரை நல்ல தப்பு. மத்த ரெண்டும் சும்மா எண்ணிக்கைக்கு வச்சது, அல்லே?"

அண்ணாச்சியின் தொழிலில் கைவைத்த முதல் ஆள் அவர்தான். நாங்கள் எத்தனையோ ஞாயிறு விழுந்திருக்கிறோம். பொறியைத் திருப்பிப் பார்த்து இது சரியாகச் செய்யவில்லை என்று சொன்னதில்லை. திரும்பி வரும்போது கிழக்கேகோட்டை வரை அண்ணாச்சி விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பஸ்கள் முட்டிமோதிக்கொண்டிருந்த இடத்தில் சட்டென்று நின்றார்.

"வே, அந்தப் பிள்ளைக்குத் தப்பு தெரியுது" என்றார். அவர் யாரையும் அதற்கு மேல் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

பெண் வீட்டில் சம்மதம் சொன்னார்கள். ஆனால் ஒரு சிக்கல். ஜெயாவுக்குப் பதவி உயர்வோடு அஸ்ஸாமில் குவாஹாத்திக்கு மாற்றல் வந்திருந்தது. கல்யாணம் என்றால் அண்ணாச்சியும் அங்கே போய்விட வேண்டும். ஆரியசாலையிலிருந்து பக்கத்துத் தம்பானூருக்குப் போவதையே பிரயாணம் என்று நினைக்கிறவர் அவர். அந்த ஞாயிறு பாயசம் பரிமாறி முடிந்த பிறகும் அவர் கேள்வி கேட்கவில்லை. பப்படங்கள் எல்லாம் அவரவர் இலையில் பத்திரமாக இருந்தன. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ஏ) கல்யாணம் பண்ணிக்கிட்டு குவாஹாத்திக்குப் போறது. பி) கல்யாணம் பண்ணிக்கிட்டு அவ அங்க, நான் இங்க. சி) வேண்டாம்னு சொல்லிட்டு இந்த மெஸ்ஸுலயே கெடக்கறது. டி) நார்வே. சொல்லும் வே."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது சி. அந்த எதிர்க் கட்டில் காலியாவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஆள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் ஸ்ரீவராகத்திலிருந்து வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏ என்றேன். சரியா தப்பா என்று கேட்டேன்.

"தெரியல வே. விடை தெரியாம நான் கேட்ட மொத கேள்வி இதுதான்" என்றார்.

ஏ-தான் நடந்தது. ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ராஜம்மா அக்கா ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்தார். பொரித்த பப்படம். குவாஹாத்தி போய்ச் சேரும்போது அது என்ன கதியாகியிருக்கும் என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் கேள்விகள் வாட்ஸப்பில் வர ஆரம்பித்தன. முதலில் பழைய வேகம் இருந்தது. போகப்போக எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் யாருமே விழவில்லை. வேலப்பன் துபாய்க்குப் போய், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, பால் பாக்கெட்டில்கூட தேதி படித்துவிட்டுத்தான் வாங்குகிறவனாக மாறியிருந்தான். அவனுக்கான பொறி இன்னமும் ஏ-யில்தான் வந்துகொண்டிருந்தது. அக்கா மெஸ்ஸை மூடிவிட்டு வடசேரிக்கே போய்விட்டார். ஊரில் போய் இருந்ததும் ஊர்ப் பாசம் குறைந்துவிட்டது, அங்கே தக்காளி விலை தெரிந்துவிட்டது. நானோ நார்வேக்குப் போகவில்லை. கல்யாணம் ஆகி, கரமனையில் வீடு பார்த்து, அதே ஆடிட்டர் ஆபீஸில் நாற்காலி மட்டும் மாறி உட்கார்ந்திருக்கிறேன். போகவே மாட்டேன் என்றவர் போனார். போய்க்கொண்டே இருந்தவன் இங்கேயே இருக்கிறேன்.

இப்போது என் போனில் பொது அறிவு விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் ஆடுகிறார்கள். அதிலும் நாலு விடை வருகிறது. ஆனால் அந்தத் தப்புகளை வைத்தவருக்கு என்னைத் தெரியாது. நான் எதற்கு ஆசைப்பட்டேன், எதில் ஏமாறுவேன் என்று ஒரு கவலையும் இல்லாமல் வைத்த தப்புகள். அதில் ஜெயித்தாலும் சப்பென்று இருக்கிறது. ஒரு மனுஷன் நம்மை ஏமாற்றவேண்டும் என்பதற்காகவே வாரம் முழுக்க நம்மை நினைத்துக்கொண்டிருந்தான் என்பது எத்தனை பெரிய காரியம் என்று அப்போது தெரியவில்லை. ஆரியசாலை வழியாகப் போகும்போது ஏலக்காய் வாசனை வந்தால் இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன்.

போன மாதம் அண்ணாச்சி போன் செய்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஜெயா சௌக்கியம், ஜெயா வைக்கிற ஆப்ஷனில் தான்தான் தினமும் விழுவதாகச் சொன்னார். "இப்பல்லாம் நீங்க யாருமே விழமாட்டேங்கியளே. எனக்குத் தையல் மறந்து போச்சுன்னு நெனைக்கேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தபோது போனில் அண்ணாச்சியின் கேள்வி வந்தது. ஆயிரம் ஏரிகளின் நாடு என்று அழைக்கப்படுவது எது? ஏ) ஃபின்லாந்து, பி) எகிப்து, சி) வெள்ளாயணி, டி) நார்வே.

திருவனந்தபுரத்து வெள்ளாயணி ஏரியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, எங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார். ஃபின்லாந்து என்று எனக்கு நன்றாகத் தெரியும். நார்வேயையும் பார்த்தேன். அங்கே போகத் துடித்துக்கொண்டிருந்த அந்தப் பையனை நானே மறந்து எவ்வளவோ காலமாகிறது. எங்கோ பிரம்மபுத்திராக் கரையில் ஒருவர் மட்டும் அவனை அப்படியே வைத்திருக்கிறார். அவனுக்கு இன்னமும் நார்வே பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

டி என்று அனுப்பினேன்.

உடனே குரல் செய்தி வந்தது. பேச்சு ஒன்றும் இல்லை. வெறும் சிரிப்பு. பாயசத்தில் பப்படம் நொறுக்குகிறபோது சிரிக்கிற அதே சிரிப்பு. நடுவில் ஜெயாவின் குரல், யாரு விழுந்தா, யாரு விழுந்தா என்று கேட்டது. நான் அதை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டேன்.

சாப்பிட்டு முடித்து எழுந்தபோது என் மனைவி தட்டைப் பார்த்தாள். ஓரத்தில் முழுசாக ஒரு பப்படம். ஏன் தொடவில்லை, உப்பு அதிகமா என்று கேட்டாள்.

"உப்பெல்லாம் சரிதான். அது அண்ணாச்சிக்குள்ளது" என்றேன்.