அறையைத் திருத்தப்போன மாப்பிள்ளை

என் காதுகளைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. முகத்தைப் பற்றி அப்படி ஒன்றும் கிடையாது. அதனால்தான், முப்பத்திரண்டு வயதில் பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, முகத்தை விட்டுவிட்டு ஸ்பீக்கரைக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

நான் கணக்கு வாத்தியார். கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஒரு வளைவு தள்ளி, அம்மாவும் நானும் கட்டிக்கொண்ட சின்ன வீடு. சிமெண்டுச் சுவர், தகரக் கூரை. தலவாக்கலையில் பழைய மின்சாமான் விற்கும் முஸ்லிம் பெரியவரிடம் (ஊருக்கே அவர் 'நானா', அண்ணன்) இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டு வாங்கி முன்னறையில் நிறுத்தியிருந்தேன்.

"சேர், இது பெரிய ஹோலுக்குச் செஞ்ச சாமான். ஒங்கட வீட்டுல வச்சா பாட்டுப் பாடாது, வீடுதான் பாடும்" என்று நானா அப்போதே எச்சரித்தார். (கேட்டேனா? கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை ஏது?)

அவர் சொன்னபடியே ஆயிற்று. தவில் ஓர் அடி விழுந்தால் ஷோகேஸ் கண்ணாடி, அதற்குள்ளிருந்த என் ஓட்டப்பந்தயக் கிண்ணம் (ஒன்றே ஒன்று, மூன்றாம் பரிசு), கூரைத் தகரம் எல்லாம் சேர்ந்து பின்பாட்டுப் பாடின.

அப்போதுதான் அறைத் திருத்தம் என்ற வித்தையைப் பற்றிப் படித்தேன். குற்றம் ஸ்பீக்கரில் இல்லை, அறையில். சில சுரங்களைச் சுவர்கள் ஊதிப் பெரிதாக்கும், சிலவற்றை விழுங்கிவிடும். கேட்பவர் தலை இருக்கும் இடத்தில் ஒரு மைக்கை வைத்துவிட்டால் போதும். லெப்டொப், ஸ்பீக்கர் வழியாக அடிவயிற்று உறுமலில் தொடங்கி விசில் வரைக்கும் ஒரே சத்தமாக ஏற்றிக்கொண்டே போகும். திரும்பி வருவதைக் கேட்டு, அறை செய்யும் தில்லுமுல்லு ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, அதற்கு நேர்மாறாகப் பாட்டை மாற்றி அனுப்பும். சுவரை இடிக்காமல் சுவரைத் திருத்தும் இந்த வேலையைக் கண்டுபிடித்தவர்களை இன்றும் நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

ஒரே நிபந்தனை, அளக்கும்போது அமைதி வேண்டும். எங்கள் வீட்டில் அது கிடைப்பதாக இல்லை. மழை பெய்தது. குக்கர் கூவியது. கீழே ரயில் போனது. ஒருவழியாகச் சனிக்கிழமை அம்மா கோவிலுக்குப் போன நேரத்தில் அளந்து முடித்தேன். பாட்டுப் போட்டேன். கிண்ணம் வாயை மூடிக்கொண்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் வட்டகொடையிலிருந்து வேனில் ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் ஸ்வெட்டர், சால்வை, கம்பளித் தொப்பி. பெண்ணின் அப்பா தேயிலைப் பக்டரியில் இயந்திரம் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். பெண்ணுக்குத் தாய் இல்லை. வளர்த்தவர் பெரியம்மா பாக்கியம், மலையில் கொழுந்து பறிப்பவர். அவர் சரியென்றால்தான் கல்யாணம் என்று தரகர் சொல்லியிருந்தார். எனக்கோ பெண்ணின், அதாவது நிரோஷாவின், படத்தைப் பார்த்த நாள் முதல் தூக்கம் சரியில்லை.

தரையில் சோக்கால் குறி போட்டு வைத்திருந்தேன். "மாமா, தலைய மட்டும் ஒரு அங்குலம் இந்தப் பக்கம்" என்று பெண்ணின் அப்பாவை உட்கார வைத்துப் பாட்டைப் போட்டேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் அடச்ச மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வேறு எந்த மாப்பிள்ளையும் விட்டிருப்பான். நான் எழுந்து, "அது ஒங்க ஸ்வெட்டருனாலங்க" என்றேன். "ஏழு பேரு கம்பளி சத்தத்தக் குடிக்குது. நேத்து வெறும் அறையத்தான் அளந்தேன். ஆளோட மறுபடி அளந்துட்டா சரியாயிரும். ரெண்டு நிமிசம் யாரும் மூச்சு விடாதீங்க."

"டீ ஆறுதுடா" என்று பல்லைக் கடித்தார் அம்மா.

மாமாவை நாற்காலியோடு நகர்த்தி, குடைக் காம்பில் மைக்கைக் கட்டி நடுவில் நிறுத்தி, பொத்தானை அழுத்தினேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தரை லேசாக அதிர்ந்தது. சத்தம் மெல்ல ஏறியது. அளக்கும் சத்தத்துக்குத் திருத்தம் கிடையாது; கண்ணாடி, கிண்ணம், தகரம் மூன்றும் விழித்துக்கொண்டன. ங்ங்ங்ங்ங்... இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் அந்த ரீங்காரம் இறங்கி வந்தது.

"குளவி!" என்று அலறினார் பெரியம்மா. "படு! படு!"

தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சொல் போதும். இமைக்கும் நேரத்தில் ஏழு பேரும், கூடவே என் அம்மாவும், குப்புறத் தரையில். சால்வை தலைக்கு மேல், கை கால் உள்ளே, அசைவில்லை. மாமா மேசை விரிப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார், டீயோடு சேர்த்து.

நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான். வாயைத் திறந்து விளக்குவதற்குள், பெரியம்மா தன் தலையிலிருந்த சால்வையை உருவி என் தலையில் போட்டு, என்னைக் கீழே தள்ளி, மேலே கவிந்துகொண்டார்.

"பெரியம்மா, இது வந்து..."

"வாயத் தொறக்காதீங்க! உள்ள பூந்துரும்!" அவருடைய கை என் வாயை அடைத்தது. கொழுந்து பறிக்கும் கை; அசைக்க முடியவில்லை.

லெப்டொப்புக்கு இதெல்லாம் தெரியாது. இடது, வலது என்று மாற்றி மாற்றி ஆறு முறை அளந்தது. ஒவ்வொரு முறையும் குளவிக் கூட்டம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் பெரியம்மா என்னை இன்னும் இறுக்கிக்கொண்டார். நான் ஒரு வாரம் தவம் கிடந்து பெற்றதைவிட ஆழ்ந்த அமைதி, அன்று எட்டுப் பேர் மூச்சடக்கியதில் கிடைத்தது. இதற்குள் அலறலைக் கேட்ட பக்கத்து வீட்டார், குளவியை விரட்ட வாசலில் பச்சை மானாப்புல்லைக் கொளுத்திப் புகை போட்டிருந்தார்கள்.

கடைசியில் லெப்டொப் 'டிங்' என்றது.

மேசை விரிப்புக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "போயிருச்சா?"

பெரியம்மாவின் கை தளர்ந்தது. "அது குளவி இல்லீங்க மாமா" என்றேன். "நான்தான்."

புகைக்குள் எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். மாமாவின் தொப்பியிலிருந்து டீ சொட்டியது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என் கல்யாணம் அந்த வாசல் வழியாகவே புகையோடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"மரம் மாதிரி நிக்கிறாரு! நெசக் குளவி வந்தா என்னா செய்வீங்க தம்பி?"

"தெரியலங்க."

"பரவால்ல. எங்க புள்ள கெட்டிக்காரி, பாத்துக்கும்." மாமாவிடம் திரும்பி, "தேதி பாருங்க" என்றார்.

நிரோஷா பிறகொரு நாள் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் மலையில் உண்மையாகவே குளவி கலைந்தபோது, பெரியம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி மேல் போர்த்திவிட்டு, கொட்டெல்லாம் தான் வாங்கி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அந்த வலியை அறிந்த ஒருவர், முன்பின் தெரியாத எனக்காக இரண்டாம் முறையும் தலையைத் திறந்துவைத்தார். என்னால் அப்படி முடியாது. அவரைவிடப் பெரிய மனுஷியை நான் பார்த்ததில்லை.

அன்று அளந்த திருத்தத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதற்குப் பெயர் 'குளவி'. அதைப்போலச் சுத்தமாக வேறெதுவும் ஒலித்ததில்லை. என்ன, என்னோடு சேர்த்து ஒன்பது பேர் தரையில் படுத்திருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். பாட்டுக் கேட்கக் கூப்பிட்டால் நிரோஷா, "ஏங்க, ஒக்காரவா, படுக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள்.

வீட்டுக்கு வந்தால் பெரியம்மா எதுவும் கேட்பதில்லை. நான் லெப்டொப்பைத் திறந்ததும் தன் சால்வையைக் கழற்றி என் தலையில் போட்டுவிட்டு, சோக்குக் குறியில் போய் உட்கார்ந்துகொள்வார்.