கோட்டுத் தாத்தா

"இது யாரு, சம்பந்தி?" என்று திமோத்தி கேட்டபோது தோமஸின் வாயில் முறுக்கு இருந்தது.

தங்கள் மகள் அமண்டாவைத் தோமஸின் மகன் ஆலனுக்குக் கொடுப்பது பற்றிப் பேசத் திமோத்தியும் அவர் மனைவியும் கெலாங் பாத்தாவிலிருந்து அன்றுதான் முதல்முறையாகத் தம்போய் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்தவர் உட்காராமல் கூடத்துச் சுவரில் தொங்கிய படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, மேசைமேல் இருந்த தடித்த புத்தகத்தில் ஊன்றிய கை. படத்திலிருந்தவர் படம் எடுத்தவனையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர் போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் யாரென்று தோமஸுக்கும் தெரியாது. ஜொகூர் பாரு பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த மின்விசிறிக்கும் ஓட்டைக் கெண்டிக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தவர். அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவர மனமில்லாமல் தோமஸ் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தோமஸுக்கு இது பழைய வழக்கம். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மாடி அறை முழுவதும் பெட்டிகள் ஆகிவிட்டன. யார் யாருடையதோ கல்யாணப் பத்திரிகைகள், சினிமா நோட்டீசுகள், தீப்பெட்டி லேபிள்கள், அட்டை உடைந்த பஞ்சாங்கங்கள், ஸ்டூடியோவில் விறைத்து நிற்கும் முன்பின் தெரியாத குடும்பங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூச்சி வராமல் அந்துருண்டை வைத்து, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். மனைவி வினிஃப்ரெட்டுக்கு அது வெளியே சொல்லக்கூடாத வியாதி. கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த ஒரு படத்தை மட்டும் கூடத்தில் மாட்ட அனுமதி வாங்கியிருந்தார்.

தோமஸ் முறுக்கை விழுங்கி, "இது வந்து, சந்தையில..." என்று ஆரம்பித்தார்.

"அவரோட தாத்தா" என்றாள் தேநீர்த் தட்டோடு வந்த வினிஃப்ரெட். "அவங்க அப்பாவைப் பெத்தவரு. தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற பெரிய கிராணியா இருந்தாரு."

"அப்படியா. எந்தத் தோட்டம்?"

"பாலோ பக்கம்" என்றார் தோமஸ். வாயில் வந்த முதல் ஊர் அதுதான்.

திமோத்தியின் முகம் மலர்ந்தது. "எங்க பூர்வீகமும் பாலோதான் லா. குடும்பம்னா இப்படி இருக்கணும். இந்தக் காலத்துல யாரு தாத்தா படத்தைக் கூடத்துல மாட்டுறாங்க?" கைப்பேசியை எடுத்துக் கோட்டுக்காரரைப் படம்பிடித்து, அங்கேயே நின்றபடி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

அவர்கள் போனதும் தோமஸ் கேட்டார். "ஏன் வினி அப்படிச் சொன்ன?"

"பின்ன? ரோட்டுல கெடந்த படத்தைப் பொறுக்கிட்டு வந்தாருன்னு சொல்லவா? பொண்ணு குடுப்பாங்களா?"

மறுநாள் காலையிலேயே திமோத்தி கூப்பிட்டார். குரலில் சுரத்தில்லை.

"அண்ணே" என்றார்.

நேற்றுவரை சம்பந்தி.

"நேத்து குழுவுல போட்டதைப் பார்த்துட்டு சொந்தக்காரங்க சொல்றாங்க, நீங்க வச்சிருக்கிற அதே படம் பாலோவுல எங்க பெரியப்பா வீட்டுலயும் மாட்டியிருக்காம். நான் சின்ன வயசுல பார்த்தது, அடையாளம் தெரியலை. அதே கோட்டு, அதே புத்தகம். அவரு எங்க தாத்தா அண்ணே. எங்க அப்பாவைப் பெத்தவரு. உங்க அப்பாவைப் பெத்தவரும் அவருதான்னா, நீங்களும் நானும் பங்காளிங்க. ஆலனும் அமண்டாவும் அண்ணன் தங்கச்சி ஆயிடுறாங்க. ஃபாதர்கிட்ட எப்படிப் போய் கோயில்ல வாசிக்கிற கல்யாண ஓலை எழுதுறது?"

தோமஸ் "அது வந்து..." என்று ஆரம்பிக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்தது. சிங்கப்பூரில் வேலையிடத்திலிருந்து ஆலன்.

"அப்பா, அமண்டா அழுதுக்கிட்டு இருக்கா. என்னைய இனிமே அண்ணன்னு கூப்பிடணுமான்னு கேக்குறா. அந்தப் படம் சந்தையில வாங்குனதுதானே? போய் உண்மையைச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லத் தோமஸ் தயாராகத்தான் இருந்தார். வினிஃப்ரெட்தான் விடவில்லை. "மொத நாளே பொய் சொன்ன குடும்பம்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க போதும். அப்பா வழி இல்ல, அம்மா வழின்னு சொல்லுங்க. அம்மாவைப் பெத்தவருன்னா முறை மாறிடும் இல்ல?"

தோமஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மாறத்தான் மாறியது. அந்தக் கணக்கில் திமோத்தி அவருக்கு மாமன் மகன். திமோத்தியின் மகள் ஆலனுக்கு முறைப்பெண்.

"வினி விவரம் புரியாம மாத்திச் சொல்லிட்டா, அவரு எங்கம்மாவைப் பெத்தவரு" என்று அவர் தொலைபேசியில் சொன்னதும் திமோத்தி நீண்ட மூச்சு விட்டார்.

"அப்போ உங்கம்மா எங்களுக்கு அத்தை. ஆனா எனக்குத் தெரிஞ்சு அத்தைன்னு யாரும் இல்லையே. இருங்க, பெரியப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

தோமஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பாலோ பெரியப்பா ஞானப்பிரகாசம் எண்பதைத் தாண்டியவர், குடும்பத்துக்கே மூத்தவர். தனக்குத் தங்கை யாரும் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

அரைமணி கழித்து மணி அடித்தது.

"மச்சான்" என்றார் திமோத்தி. "இருந்தாங்களாம். ஒரே ஒரு தங்கச்சி. சின்ன வயசுலயே வீட்டை விட்டுப் போயிட்டாங்களாம். இவ்வளவு காலம் பெரியப்பா மனசுலயே வச்சிருந்திருக்காரு. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வேன் எடுத்துக்கிட்டு எல்லாரும் வர்றோம்."

தோமஸ் கைப்பேசியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நாம சொன்ன பொய் உண்மையாயிடுச்சா?" என்றாள் வினிஃப்ரெட். "உங்கம்மா யாருங்க?"

"பத்து பஹாட் ஊர்க்காரங்க. அவங்க ரெண்டு தம்பிங்களும் நம்ம கல்யாணத்துல சண்டை போட்டாங்களே, மறந்துட்டியா?"

சொன்னாரே தவிர, அவருக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. அன்று முழுவதும் கண்ணாடியில் தன் மூக்கையும் கோட்டுக்காரர் மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வினிஃப்ரெட்டுக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. வருகிறவர் தங்கச்சி படத்தைக் கேட்டால்? தோமஸின் அம்மா படத்தைக் காட்டினால் இது தங்கச்சி முகமே இல்லை என்று தெரிந்துவிடும். பத்து வருடங்களாக எட்டிப் பார்க்காத மாடி அறைக்குள் அவளே ஏறிப்போனாள். பெட்டிகளைத் தரையில் பரப்பி, கோட்டுக்காரர் ஜாடையில் ஒரு பெண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

"இந்த அம்மாவுக்கு நெத்தி ஒத்து வருது. ஆனா காது சரியில்ல."

"வினி, அதெல்லாம் யாரோட அம்மாவோ."

"இப்ப உங்க அம்மா. சும்மா இருங்க." கடைசியில் பூச்சாடி பக்கத்தில் நின்ற மெலிந்த பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாள். மூவாரில் மூடிய ஸ்டூடியோ ஒன்றின் குப்பையிலிருந்து தோமஸ் மீட்டது அது. சட்டம் போட்டு அலமாரிமேல் வைத்துவிட்டு, "இவ்வளவு படத்துல ஒண்ணாவது உபயோகப்பட்டுச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். ஞானப்பிரகாசம் கைத்தடியோடு நேராகத் தோமஸிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்ள" என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வினிஃப்ரெட் அலமாரிமேலிருந்த படத்தை எடுத்து நீட்டினாள். "இவங்கதான் அத்தை."

கிழவர் வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவதான்" என்றார். "என் தங்கச்சியேதான்."

மூவார் குப்பையிலிருந்து எடுத்த முகம். அதைப் பார்த்து ஒரு கிழவர் தங்கை என்கிறார், சுற்றிலும் அழுகிறார்கள். பொய் சொல்லிப் பெண்ணெடுப்பது ஒன்று. தங்கையைப் பறிகொடுத்த மனிதரிடம் யாரோ ஒருத்தியைக் கொடுத்து ஏமாற்றுவது வேறு. தோமஸ் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆலனும் அமண்டாவும் ஒரே தட்டில் அப்பளத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கல்யாணம் நின்றாலும் சரி, சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் வாசலில் குழுவாகப் படமெடுத்துக்கொள்ளப் போனார்கள். கிழவர் மட்டும் கோட்டுக்காரர் முன்னால் தனியாக நின்றிருந்தார். தோமஸ் அவர் பக்கத்தில் போனார்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தப் படம்..."

கிழவர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தெரியும் தம்பி, எனக்குத் தங்கச்சியே கெடையாது, எங்கப்பா ஆயுசுல படமே எடுத்ததில்ல, குளுவாங் ஸ்டூடியோவுல கண்ணாடிக்குப் பின்னால மாதிரிக்கு மாட்டி வச்சிருந்த யாரோ ஒருத்தர் படத்தை எங்கம்மா கேட்டு வாங்கிட்டு வந்து அப்பான்னு மாட்டுனதுதான், நீங்க என்ன முறை சொன்னாலும் நான் ஒத்துக்கிறேன், உங்க தாத்தாவை மட்டும் எங்ககிட்டயிருந்து திருப்பிக் கேட்டுடாதீங்க."