ஒருமனதாகப் பழம்பொரி

அன்பு வாசகர்களே, ‘கலந்து பேசும் தலைமையாசிரியர்’ என்றொரு இனம் உண்டு. சர்வாதிகாரி என்று சொல்லிப் பாருங்கள், அவர் கண் கலங்கிவிடும். ‘நான்’ என்ற சொல்லை அவர் துறந்து வெகுகாலம் ஆகிறது, எல்லாம் ‘நாம்’தான். நாம் மணி அடிக்கும் நேரத்தை மாற்றினோம், நாம் மாமரத்தை வெட்டினோம், நாம் ஓண விருந்தில் மூன்று பாயசத்தை ஒன்றாகக் குறைத்தோம். யார் அந்த நாம்? அவரும் அவருடைய நாற்காலியும்.

கோழிக்கோட்டுப் பக்கம், வடகரையில், எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் பவித்திரன் மாஷ் இந்த இனத்தின் மணிமுடி. ஆசிரியர் கூட்டத்தில் குழு அமைப்பார், குழுவுக்குத் துணைக்குழு அமைப்பார், மனம் திறந்து பேசுங்கள் என்று நெஞ்சில் கைவைத்து உருகுவார், ‘இந்தப் பள்ளிக்கூடம் நம்ம குடும்பம்’ என்னும்போது குரல் தழுதழுக்கும், கேட்டு நானே மூக்கைச் சிந்தியிருக்கிறேன். பிறகு பழம்பொரி வரும், அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக. எல்லோரும் கடித்து, நாக்கு வெந்து, தலையை ஆட்டி ஆட்டி ஊதும் அந்தக் கணத்தில் கேட்பார்: “யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?”

வாய் ஏது? ஒருமனதாக நிறைவேறியது.

போன வாரம் வாலிபால் கோர்ட்டின் முறை. எங்கள் பெண்கள் அணி மாவட்ட இறுதிப் போட்டிக்குத் தேறியிருக்கிறது. அவர்கள் பயிற்சி எடுக்க அந்த மண்ணைத் தவிர வேறிடம் கிடையாது. அதன் மேல் இன்டர்லாக் கல் பதித்துக் கார் நிறுத்துவதென்று ‘நாம்’ நினைத்திருந்தோம். கல் லாரி வாசலில் வந்து நின்றேவிட்டது.

விளையாட்டு ஆசிரியை ரஜுலா தட்டைத் தள்ளி வைத்தார்.

“எடுத்துக்கோங்க டீச்சரே, ஆறிடும்.”

“ஆறட்டும் மாஷே. நான் பேசணும்.”

“பேசத்தானே கூடியிருக்கோம். முதல்ல தின்னுங்க.”

“இன்னைக்கு விரதம்.”

“புதன்கிழமை என்ன விரதம்?”

“கோர்ட்டு விரதம்.”

அறையே குலுங்கியது. தனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று காட்ட, மாஷ் ஒரு முழுப் பழம்பொரியை வாய்க்குள் தள்ளினார். ரஜுலா டீச்சர் எழுந்தார்.

“கோர்ட்டில கல்லு பதிக்க வேணாம்னு தீர்மானம். மாஷுக்கு மாற்றுக் கருத்து உண்டா?”

ஐயோ, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! முகம் சிவந்தது, விழிகள் ததும்பின, தலை இடமும் வலமும் ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது.

“இல்லங்கிறாரு. சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு பாருங்க” என்றார் கணக்கு வாத்தியார் அஷ்ரப் மாஷ். நாங்கள் கை தட்டினோம். லாரி திரும்பிப் போயிற்று. வெளியே பந்து துள்ளும் சத்தம் கேட்டது.

பவித்திரன் மாஷ் ஒரு செம்புத் தண்ணீர் குடித்து முடித்தார். எங்களைப் பெருமிதமாகப் பார்த்தார்.

“நல்ல முடிவு எடுத்தோம் நாம.”

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். போன ஞாயிறு வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, “இந்த லீவுக்கு நாம எங்க போகலாம்?” என்று தேனொழுகக் கேட்டீர்களே. கேட்கும்போது உங்கள் சட்டைப்பையில் எந்த ஊருக்கான டிக்கெட் இருந்தது?