ஃப்ரெய்ட்டுக்கு அர்த்தம் சொன்ன மேஸ்திரி

எங்கள் விருத்தாசலம் கம்பெனியின் பீங்கான் பொம்மைகள் எந்த ஊருக்குப் போனாலும் உடையாமல் போய்ச் சேரும். நேரத்துக்குத்தான் போய்ச் சேராது. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள், பேக்கிங் மேஸ்திரி. பேர் என்னவோ, எல்லோருக்கும் அவர் ‘டிக்‌ஷனரி’தான். நான் அங்கே ஆபீஸ் கிளார்க்.

ஒவ்வொரு பொம்மையையும் விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். ‘ணங்’ என்றால் வைக்கோலுக்குள் போகும். சத்தம் மந்தமாக இருந்தால் விரிசல், தள்ளி வைத்துவிடுவார். வார்த்தைகளையும் அப்படித்தான் தட்டுவார். செல்போனில் தேடித் தேடி வேரைப் பிடிக்காமல் விடமாட்டார்.

ஒருநாள் பில்லில் ‘ஃப்ரெய்ட்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டார். வெளியே லோடு ஏற்றிய லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.

“டிரைவர் தம்பி, இது யாரு வார்த்தை தெரியுமா? ஹாலந்து கப்பல்காரங்களோடது. ஏத்துற சரக்குக்கும் அதே பேரு, வாடகைக்கும் அதே பேரு!”

“அண்ணே, வேப்பூர் போனாதான் எனக்குச் சோறு. வுடுங்கண்ணே!”

“சோறு எங்கப்பா போவுது? லாரிங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு வெள்ளைக்காரனுக்கே சரியாத் தெரியல. அதுல போயி நீ உக்காந்திருக்க!”

டிரைவர் இறங்கிவந்து லாரியை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

அப்புறம் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அதை நான் சொன்ன நாளிலிருந்து டிக்‌ஷனரி என்னோடு பேசவில்லை. ஆறு வருடமாகத் தினம் ஒரு வார்த்தை கொண்டுவந்த மனிதர், பத்து நாளாக ‘உம்’ கூடச் சொல்லவில்லை. இப்படியே பேசாமல் பிரிந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

கிளம்புகிற காலையில் என் வீட்டு வாசலில் சாமான் ஏற்ற மினி லாரி. டிக்‌ஷனரி ஒரு மூட்டை வைக்கோலோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் எவர்சில்வர் குடத்தைத் தட்டிக் கேட்டார். பிறகு அதற்கு வைக்கோல் சுற்றினார்.

“அது உடையாதுங்களே, மேஸ்திரி!”

“நம்ம கையிலேருந்து எதுவும் வைக்கோல் இல்லாம போவாது சார்.”

தலையணைக்கும் சுற்றினார். கடைசிக் கயிற்றை இறுக்கிய பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தார்.

“ஃப்ரெய்ட்டுன்னு சொன்னேன்ல, அதே வேர்ல இங்கிலீஷ்ல ‘fraught’னு இன்னொரு வார்த்தை இருக்குது சார். மொதல்ல சரக்கு ரொம்பின கப்பலுக்குச் சொன்னாங்க. அப்பறம் பாரம் ஏறின மனசுக்கும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.”

“இதைப் பத்து நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா அழுதுடுவேன் சார்.”

இங்கே கோயம்புத்தூரில், அந்தத் தலையணைக்குள் புகுந்துவிட்ட ஒரு வைக்கோல் இன்னும் என் கன்னத்தில் குத்துகிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை.