எங்கள் ரொட்டிக்கடையில் ஆவிகளுக்கு இடமில்லை

வணக்கத்துக்குரிய ஃபாதர் ஹொனோரியோ அவர்களுக்கு, அதாவது என் குயாவுக்கு, என் மூத்த அண்ணனுக்கு, தம்பி ஃபோர்த்துனாத்தோ எழுதுவது:

உங்கள் வலக்கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். அண்ணன் என்பதற்கு ஒரு தடவை, சாமியார் என்பதற்கு இன்னொரு தடவை. தெற்கே உங்கள் பங்கில் மழையும் மூட்டுவலியும் உங்களைப் படுத்தாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரி பெர்பெத்துவாவும் சுகம். செயோங் மட்டும் செத்துப்போனான்.

செயோங்கை உங்களுக்கு நினைவிருக்கும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், பிறகு கப்பலில் சமையல்காரனாகப் போனவன். உலகத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் போய்விட்டு, அடுப்படியை விட்டு வெளியே வராமலே திரும்பிவந்தவன். நானோ இந்த ஊரைத் தாண்டாமலே ஆயுள் முழுக்கப் பூகோளப் பாடம் நடத்தியவன். இரண்டு பேரும் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ரொட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அவன் சொன்னதில் ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை. அதை நான் சொல்லியும் அவன் ஒருநாள்கூட ஒப்புக்கொண்டதில்லை. நாளைக்கு அவனுக்கு அடக்கம். அது தொடர்பாகத்தான் உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வேண்டும், திருச்சபை முத்திரையோடு.

விஷயம் இதுதான். துக்க வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போனால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார், வழியில் எங்காவது நின்று உதறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நம் ஜனங்கள் நடத்துகிற கூத்து உங்களுக்குத் தெரியாததல்ல. கல்லறைத் தோட்டத்திலிருந்து ஊருக்குள் வந்தால் முதலில் வருவது எங்கள் கடை. ஆகவே இந்த ஊரில் செத்த அத்தனை பேரையும் எங்கள் வாசலில்தான் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரு ரொட்டி, ஒரு காபி, சட்டையை இரண்டு தட்டு, அவ்வளவுதான், அவர்கள் பத்திரமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடைக்குப் பின்னால் குடியிருக்கிற எங்கள் கதியைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. போன மழைக்காலத்தில் முன்னாள் மேயரையே இங்கே இறக்கினார்கள். உயிரோடு இருந்தபோது எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். புதுப் பங்குச்சாமியாராவது எனக்குத் துணை நிற்பார் என்று பார்த்தால், அவரும் ஒரு அடக்கம் முடிந்து கடையில் வந்து நிற்கிறார். "ஃபாதர், நீங்களுமா?" என்றேன். "சேச்சே, ரொட்டி வாங்க வந்தேன் சார்" என்றார். வாங்கத்தான் செய்தார். ஆனால் படியிறங்கும்போது அங்கியை இரண்டு பக்கமும் பிடித்து நன்றாக உதறிவிட்டுப் போனார், குயா, என் கண்ணால் பார்த்தேன்.

பெர்பெத்துவாவிடம் சொன்னால், "வந்தவங்க வந்துட்டாங்க, என்ன பண்றது? மாவு பிசையற ரூம்ல எலி வராம பாத்துக்கிறாங்களே, அதுவே பெரிசு" என்கிறாள். வியாபாரம் நடக்கிறதென்று அவளுக்குச் சந்தோஷம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம், அதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். உயிர் பிரிந்த கணமே தீர்ப்பு என்று ஞானோபதேச வகுப்பில் நீங்கள்தானே என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தீர்கள்? தீர்ப்புக்குப் போகிற ஆன்மாவுக்கு நடுவில் என் கடையில் இறங்கிக் காபி வாசனை பிடிக்க அனுமதி கொடுப்பது யார்? ஆன்மாக்கள் பாவம் தீரக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஒரு வாசல் எங்கள் அடுப்புக்குப் பின்னால் இருக்கிறதென்றால் அதை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

இதில் இன்னொரு தொந்தரவு. உதற வந்தவர்கள் உடனே கிளம்பக் கூடாதாம், கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமாம். உட்கார்ந்தால் பேசாமல் இருப்பார்களா? செத்தவருடைய நல்ல குணங்கள் முதல் ரொட்டியோடு தீர்ந்துவிடும். பிறகு பெட்ரோல், அமெரிக்கா, எங்கேயோ நடக்கிற சண்டை, கடைசியில் நம் மீனவர்களைப் பக்கத்து நாட்டுப் பெரிய கப்பல்கள் தண்ணீர் பீய்ச்சி அடித்துத் துரத்துகிற அந்தக் கடல் பாறைகள். செயோங்கும் நானும் கடைசியாகச் சண்டை போட்டது அந்தப் பாறைகளைப் பற்றித்தான். அதை அப்படியே எழுதுகிறேன், யார் பக்கம் நியாயம் என்று நீங்களே பாருங்கள்.

"அலை ஏறினா கண்ணுக்கே தெரியாத பாறைடா அது. அதுக்குப் போயி ரெண்டு நாடு அடிச்சுக்குது. நீயும் நானும் செத்து மேல போனா அங்கயும் கோடு கிழிச்சு வச்சிருப்பானுங்களோ? இது ஒங்க பக்கம், இது எங்க பக்கம்னு?" என்றான்.

"மோட்சத்துக்கு மேப்பெல்லாம் கிடையாதுடா மடையா" என்றேன்.

"மேப்பே இல்லாத எடத்துல ஒனக்கு என்ன வேலை, வாத்தியாரே? வழி தெரியாம வாசல்லயே நிப்ப!" என்று சொல்லிவிட்டு, காபியைக்கூட முடிக்காமல், சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

அவன் தெருமுனை திரும்பும்போதே எனக்குப் பதில் வந்துவிட்டது. அருமையான பதில். கூப்பிட்டிருக்கலாம். காலையில் நிதானமாக வைத்து அடிக்கலாமென்று விட்டுவிட்டேன். காலையில் அவன் எழுந்திருக்கவே இல்லை. கடைசி வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டான், குயா. இத்தனை வருஷம் வாதம் செய்த ஒருவனிடம் இப்படி நடந்துகொள்வது முறையா? நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. துக்க வீட்டில் அவன் முகத்தைப் பார்த்தேன், அதே சிரிப்பு. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் எனக்கு அந்தப் பதில்தான் தொண்டையில் நின்றது.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். நாளைக்குக் கடை கிடையாது. கதவைச் சாத்தி, "இங்கே யாரையும் இறக்கிவிடக் கூடாது" என்று என் கைப்படச் சுண்ணக்கட்டியால் எழுதிப் பலகை மாட்டப்போகிறேன். அதோடு நிற்கப்போவதில்லை. கல்லறையிலிருந்து நேராக வீட்டுக்கு வருவேன், எங்கேயும் நிற்க மாட்டேன், எதையும் உதற மாட்டேன். "நீங்க ஒருத்தர் நேரா வந்தா போதும், மத்தவங்க உதறினதெல்லாம் வீண். பெட்ரோல் பங்க்லயாவது ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்களேன்" என்று பெர்பெத்துவா கெஞ்சிப் பார்த்துவிட்டாள், அதட்டியும் பார்த்துவிட்டாள். நான் அசையவில்லை. ஊரில் ஒருவனாவது வேதத்தின்படி நடக்க வேண்டும். இது மூடநம்பிக்கை, செத்தவர்கள் யார் பின்னாலும் வருவதில்லை என்று உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் அனுப்பினால், கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிடுவேன்.

உங்கள் பூசையில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். செயோங்கையும் நினைத்துக்கொள்ளுங்கள், அவன் பிடிவாதத்துக்குக் கொஞ்சம் நீளமான செபமாகவே சொல்லலாம். சகல புனிதர்களின் காவலும் உங்கள் மூட்டுகளின்மேல் இருப்பதாக.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஃபோர்த்துனாத்தோ

பி.கு: தபாலில் போடுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடையைச் சாத்தினேன், பலகையும் மாட்டினேன். வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு அதன் எதிரிலேயே நின்று உதறியிருக்கிறார்கள். பெர்பெத்துவா பக்கத்து ஜன்னலைத் திறந்து ரொட்டி விற்றிருக்கிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் சொன்னபடியே நேராக வந்தேன். டிரைசிக்கிள்காரன் பெட்ரோல் பங்க் பக்கம் திருப்பினான். கூட வந்தவர்களும், "ஒரு நிமிஷம் நின்னா என்ன சார், எல்லாருக்கும் நல்லதுதானே" என்றார்கள். "நிறுத்தினே, கொன்னுடுவேன். நேரா வீட்டுக்கு விடு" என்று கத்திவிட்டேன். மற்றவர்களுக்கு அது கொள்கையாகத் தெரிந்திருக்கும். உங்களிடம் மறைக்க முடியாது, நீங்கள் சாமியார். வழியில் வண்டி நின்றால் செயோங் அங்கேயே இறங்கிவிடுவானோ என்று எனக்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் பின்கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பெஞ்சில் அவன் இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அட்சரேகை, தீர்க்கரேகையெல்லாம் வைத்துத் தயாராக இருந்த பதில் ஒன்றும் வரவில்லை. "சரிடா, வாசல்லயே நிக்கறேன். நீ வந்து கூட்டிட்டுப் போ" என்றுதான் வாயில் வந்தது. இன்னும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறான். ஆகையால் குயா, நான் கேட்ட அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.