தம்பி எழுதிய மொய்

செட்டியார்பட்டி,
7.6.1988

பாத்திரக்கடை மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் இருளம்மாள் எழுதுவது. அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் சுகத்தை விசாரிக்கும் நிலையில் நான் இப்போது இல்லை.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால்தான் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து திட்டாமல் எழுதுகிறேன். போன மாதம் வந்தபோது ஆறு வயதுத் தம்பி தனுஷ்கோடியை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப் போனீர்கள். மொய் எதற்கு என்று அவன் கேட்டதற்கு, "ஏலே, இப்ப நாம குடுத்தா, நம்ம வீட்டு விசேஷத்துக்கு அவிய மேல போட்டுத் திருப்பித் தருவாக. பேங்குல கூட அம்புட்டுத் தரமாட்டான்" என்றீர்கள். பிள்ளைக்குக் காசின் அருமையைச் சொல்லிக் கொடுத்ததாக அம்மாவிடம் பெருமை வேறு. அதற்கு முன் அவனுக்கு நாலணாவுக்கு எத்தனை கடலை மிட்டாய் என்பது மட்டும்தான் தெரியும். அதுவே போதுமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தி மில்லுக்கு அனுப்பினார்கள். பத்தாவதைத் தனியாக எழுதிவிட வேண்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து நூறு ரூபாய் சேர்த்து, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இம்மாதம் இருபதாம் தேதிக்குள் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எதிர்த்தெரு பால்சாமி வீட்டில் கல்யாணம். நான் குழாயடியில் குடத்தோடு நிற்கிறேன், மைக்கில் "மில் இருளம்மாள், நூற்றியொரு ரூபாய்" என்று மூன்று தெருவுக்கும் கேட்கிறது. கடைக்காரரிடம்கூட என் பெயரை நான் சத்தமாகச் சொன்னதில்லை, மாமா. பந்தலுக்குள் போக வெட்கப்பட்டு வெளியிலேயே நின்றேன். தம்பி பாயசம் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறான். கையைப் பிடித்து இழுத்தால், "அது ஒன் ரூவாக்கா, அதான் ஒன் பேர்ல எழுதச் சொன்னேன். ஒத்தப்படையா இருக்கணும்னு ஒரு ரூவா நான் போட்டேன். அத மட்டும் எனக்குத் தந்திரு" என்கிறான்.

எழுதிய மொய்யைத் திருப்பிக் கேட்டால் புதுப்பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகாது என்கிறாள் அம்மா. நம் வீட்டில் விசேஷம் வந்தால்தான் பணம் வரும். குழாயடியில் அங்காளம்மாள் அக்கா, "ஏட்டி, நூத்தியொண்ணு எழுதுத அளவுக்கு வந்துட்ட. மாப்ள யாருட்டி?" என்றாள். அம்மாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டுவிட்டது. நேற்று வத்திராயிருப்பிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். பரீட்சைப் பணம் வேண்டுமென்றால் நான் கழுத்தை நீட்ட வேண்டும். கழுத்தை நீட்டிய பிறகு பரீட்சை எதற்கு என்பார்கள். இந்த வழியைக் காட்டிக் கொடுத்தது நீங்கள்.

ஆகவே நூறு ரூபாயை உடனே மணியார்டர் செய்யவும். இனி எங்கள் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. வயதில் பெரியவர் என்பதால் உங்களுக்கும் வணக்கம்.

இருளம்மாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். உறையை ஒட்டும்போது தம்பி வந்து, "விசேஷம்னா கல்யாணந்தானா? எனக்கு இன்னும் காதே குத்தலையே" என்றான். தென்னந்தோப்புக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. வருகிற பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை தம்பிக்குக் காதுகுத்து. மொய்யில் முதல் நூறு எனக்கு என்று அம்மா ஒத்துக்கொண்டாள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும் என்பதால் நீங்கள் கட்டாயம் வரவும். கம்மல் தாய்மாமன் சீர். பவுன் என்ன விலை என்று தம்பி கடைத்தெருவில் விசாரித்துவிட்டு வந்துவிட்டான்.